பல்லி சொன்ன எண்

கேமரா மாட்டும் தொழிலில் இரண்டே வகை ஆட்கள்தான் உண்டு. ஏணியில் ஏறுகிறவர்கள் ஒரு வகை. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருப்பவருக்கு யோசனை சொல்கிறவர்கள் மறு வகை. அந்த வீட்டில் இரண்டு வகையும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்திவந்தன.

கணவருக்குத் தொழில் வட்டாரத்தில் ஏணிக்காரர் என்று பெயர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்குமுன் சுவரைப் பார்ப்பார், எங்கே துளை போடலாம் என்று. மனைவிக்கு லைசென்ஸக்கா என்று பெயர். கேமராக்கள் அனுப்புகிற படத்தையெல்லாம் வாங்கிச் சேர்த்துவைக்கிற சர்வர் கணினியையும், அதை எடுத்துக் காட்டுகிற மென்பொருளையும் கட்டி மேய்ப்பது அவள் பொறுப்பு. எந்தக் கடையில் எத்தனை கேமராவுக்கு லைசென்ஸ், எது என்றைக்கு முடிகிறது, எந்த முதலாளி எந்தக் கடவுச்சொல்லை எத்தனை முறை மறந்தார் என்பதெல்லாம் அவள் நோட்டுகளில் இருக்கும். மாட்டிவிட்டுப் போக ஆயிரம் பேர் வருவார்கள்; ஓடாதபோது போனை எடுக்க அவள் ஒருத்திதான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு நாளாக ஒரு சர்வர் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் நாத்தனார் வேலை பார்க்கும் குடோனின் சர்வர்.

நாத்தனார் என்றால் ஏணிக்காரரின் அக்கா. கணவர் இறந்தபின் சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவர். மகன் இப்போது விமானம் ஏறிப் போகிற தூரத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கணினியில் முகம் காட்டுவான். நாத்தனாருக்கு மருந்துப் பொருள் குடோனில், சரக்கு வெளியேறும் வாசலில் வேலை. பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றிவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டி கூடியதில்லை, ஒரு பெட்டி குறைந்ததில்லை. வாயும் அப்படித்தான், யாருக்கும் குறை வைத்ததில்லை. அவருக்கும் லைசென்ஸக்காவுக்கும் ஏழாம் பொருத்தம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவ்வளவெல்லாம் கிடையாது. ஐந்தரை இருக்கும்.

எட்டு நாளுக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காது கேட்கும் கருவிகள் பன்னிரண்டு பெட்டி போனது. அங்கே இறங்கியது பதினொன்று. ஏற்றியதே பதினொன்றுதான் என்று லாரிக்காரன் சொன்னான். நான்கு நாளுக்கு முன் புகார் வந்தது. சரி, கேமராவில் பார்த்துவிடலாம் என்று இரண்டு நாள் கழித்து மேனேஜர் போய் உட்கார்ந்த அன்றுதான் திரையில் இருபத்துநான்கு கறுப்புக் கட்டங்கள். கீழே ஒரே வரி: உரிமம் செல்லாது.

பூட்டிய மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. ஏணி வேலைக்குப் போக வழியில்லை. லைசென்ஸக்கா சமையலறைக்குள் போனபோது நாத்தனார் அரிசி அளந்துகொண்டிருந்தார்.

“அண்ணி, நான் அளக்கட்டுமா?”

“ஏன், அரிசி அளக்கவும் லைசென்ஸ் எடுக்கணுமா?” என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு டம்ளரைப் பானையில் கவிழ்த்தார். “ஒண்ணு.” அடுத்த டம்ளர். “ரெண்டு.”

லைசென்ஸக்கா அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் நாத்தனார் எதை எண்ணினாலும் ஒன்று என்று தொடங்கி அவள் கேட்டதில்லை. அரிசியோ பெட்டியோ துவைக்கப் போடும் துணியோ, முதலாவது எப்போதும் ‘லாபம்’தான். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். ஒன்று என்று ஆரம்பித்தால் ஒன்றோடு நின்றுவிடும் என்பார். இதை வைத்துக் கணவரிடம் அவள் எத்தனையோ முறை கேலி பேசியிருக்கிறாள். இன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

“நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க,” என்றார் நாத்தனார், பானையைப் பார்த்தபடி. “கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்.”

“எதுல அண்ணி?”

“எழுதி வச்சிருக்காங்க. பெட்டி குறைஞ்சது என் கவனக்குறைவுன்னு. போட்டா உள்ளே லேபிள் ஒட்டற வேலை. போடலைன்னா வீட்டு வேலை.”

“நீங்க பன்னிரண்டு எண்ணினீங்கதானே?”

“எண்ணினேன்.” அரிசியில் கைவிட்டுக் களைந்தார். தண்ணீர் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. “எண்ணினேன்னுதான் நினைச்சேன். நாலு நாளா அதையே நினைச்சு நினைச்சு, இப்ப எண்ணினேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. அன்னைக்குத் தலைவலி வேற. ஒருவேளை பதினொண்ணுலயே நிறுத்திட்டேனோ என்னவோ.”

நாத்தனார் ஏசினால் லைசென்ஸக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியும். இப்படி அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“கேமராவுல இருக்கும் அண்ணி. அழியலை. திறக்கத்தான் மாட்டேங்குது.”

“அந்தச் சர்வர்தானே? எனக்கு ஒண்ணு புரியலை. சர்வர்னா ஹோட்டல்ல பரிமாறுறவன். இவன் ஏன் பரிமாற மாட்டேங்குறான்?”

“அதேதான் அண்ணி. சாப்பாடு உள்ளே இருக்கு. சர்வரும் நிக்கறான். டோக்கன் இருந்தாத்தான் பரிமாறுவான். நாம குடுத்த டோக்கனைப் பார்த்துட்டு, இது இந்த ஹோட்டல் டோக்கன் இல்லைங்கறான்.”

“இத்தனை நாள் வாங்கிக்கிட்டானே?”

“அதுதான் எனக்கும் தெரியலை.”

வாசலில் மழைச் சட்டையை உதறிக்கொண்டிருந்த ஏணிக்காரர் எட்டிப் பார்த்தார். “மார்க்கெட்ல ஒருத்தன் இருக்கானாம். லைசென்ஸே இல்லாமத் திறந்து தர்றானாம். கேட்டுப் பார்க்கட்டுமா?”

“பூட்டை உடைச்சு எடுத்த சாட்சியை யாருங்க நம்புவா?” என்றாள் மனைவி. “ஏற்கெனவே சொந்தக்காரங்கன்னு நம்மளை ஒரு மாதிரி பார்க்கறாங்க.”

“அவ சொல்றது சரிடா தம்பி,” என்றார் நாத்தனார். அவர் வாயால் அப்படியொரு வார்த்தை வருவது அபூர்வம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு லைசென்ஸக்காவின் பக்கம் திரும்பினார். “நீ முறையாத் திற. நான் தப்பு பண்ணியிருந்தா, அதையும் மறைக்காம எனக்குக் காட்டு. பண்ணினேனா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும். தெரியாமக் கையெழுத்துப் போடறதுதான் தொண்டையில நிக்குது.”

குடோனின் சர்வர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஏணிக்காரருக்கு இருபது வருஷமாக உயரத்தில் வேலை. இந்த மாதிரிப் பொந்துக்குள் நுழைந்தால் முழங்கால் மடங்காது. அவர் வாசலில் நின்று கை விளக்கைப் பிடித்தார். லைசென்ஸக்கா உள்ளே ஒரு காலி மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் பேசியது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

முதலில் தெரிந்த வைத்தியங்களையெல்லாம் மறுபடி செய்தாள். சர்வர் மென்பொருள் ஓடுகிறது. ஹார்டு டிஸ்கில் இடம் இருக்கிறது. கடிகாரம் சரி. மேனேஜர் அறையில் படத்தைத் திரையில் காட்டும் கிளையன்ட் மென்பொருளும் இதுவும் ஒரே பதிப்பு. கேமராக்களும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு நாளில் ஆறாவது முறையாக அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே வரி. தலைவலித் தைலம் மணக்க மேனேஜர் வந்து, குனிந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தினமும் தைலம் தேய்ப்பவர்.

“ஏதாவது தெரிஞ்சுதாம்மா?”

“பார்த்துக்கிட்டிருக்கேன் சார்.”

“நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. மேல என்ன பேசறாங்கன்னா, கேமரா மாட்டினது தம்பி, மென்பொருள் போட்டது தம்பி சம்சாரம். அவங்களே பூட்டி வச்சிட்டாங்கங்கறாங்க.”

லைசென்ஸக்கா திரும்பவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் காதுமடல் சிவக்கும். அந்த இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. “நாலு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல சார்?” என்று மட்டும் கேட்டாள்.

மென்பொருள் கம்பெனியின் உதவி மையத்துக்கு மறுபடி போன் போட்டாள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் எடுத்தான். பொறுமையான பையன்.

“மேடம், உங்க லைசென்ஸ் நல்ல லைசென்ஸ்தான். ஆனா அதுல பதிஞ்சிருக்கற மெஷின் எண் வேற, இப்ப உங்க சர்வர் சொல்ற எண் வேற. உள்ளே பெருசா ஏதாவது மாத்தினீங்களா?”

“ஒரு திருகாணிகூட மாத்தலைப்பா.”

“எண் பொருந்தலைன்னாலும் எங்க மென்பொருள் பதினஞ்சு நாள் பொறுத்துக்கும் மேடம். பதினாறாவது நாள்தான் பூட்டும். சர்வர் திரையில தினம் எச்சரிக்கை வந்திருக்குமே.”

சர்வரின் திரையை யார் பார்த்தார்கள். மின்சாரம் மிச்சம் என்று அது எப்போதும் அணைந்தே கிடக்கும்.

“இப்ப என்ன செய்யலாம்?”

“புது எண்ணுக்கு விண்ணப்பம் போடுங்க மேடம். மூணு வேலை நாள்ல வந்துடும்.”

“எனக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு.”

“எனக்குப் புரியுது மேடம். ஆனா நான் எண்ணைத்தான் பார்க்க முடியும், மனுஷங்களைப் பார்க்க முடியாது.”

போனை வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டாள். இரண்டு நாளுக்கு முன் பூட்டியது. அதற்கு முன் பதினைந்து நாள். ஆக, பதினேழு நாளுக்கு முன்னால் இந்தக் கணினியில் என்னவோ மாறியிருக்கிறது. நோட்டுப் பையைத் திறந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய, மூலை மடங்கிய நோட்டை எடுத்தாள். லைசென்ஸ் எண் எழுதிய பக்கத்தை இரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகியிருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தை மட்டும் அவள் இதுவரை புரட்டவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பது இதுதான்.

இப்போது புரட்டினாள். முந்தைய பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ‘நேற்று இடி. சர்வரின் நெட்வொர்க் துளை போச்சு. பல்லி போட்டு வேலையை முடித்தேன்.’

பல்லி என்பது அவர்கள் இருவருக்குள் புழங்கும் பெயர். கட்டைவிரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு சாமான். கணினியின் நெட்வொர்க் துளை கெட்டுப்போனால், இதை யுஎஸ்பியில் செருகி இதில் ஒயரை மாட்டிக்கொள்ளலாம். மெஷினின் முதுகில் ஒயர் என்னும் வாலோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் பல்லி. அதற்கும் சொந்தமாகப் பன்னிரண்டு எழுத்தில் ஒரு எண் உண்டு. லைசென்ஸ் வாங்கிய அன்று அந்தக் கணினியில் உயிரோடிருந்த ஒரே நெட்வொர்க் சாமான் பல்லிதான். அதனால் மென்பொருள் பல்லியின் எண்ணையே மெஷினின் எண் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மறுவாரம் ஏணிக்காரர் கணினிக்குள் புது நெட்வொர்க் கார்டு போட்டு ஒயரை அதற்கு மாற்றினார். பல்லி மட்டும் வேலை இல்லாமல் அங்கேயே ஒட்டிக்கிடந்தது. மூன்று வருஷமாக இருபத்துநான்கு கேமராவும் அந்த வேலையில்லாத பல்லியின் பெயரில்தான் ஓடியிருக்கின்றன.

அவள் கையை நீட்டிக் கணினியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். தூசிக்கு நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் துடைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

“ஏங்க, பல்லி எங்கே?”

ஏணிக்காரர் சுவரைப் பார்த்தார்.

“அந்தப் பல்லி இல்லைங்க. நம்ம பல்லி. இங்கே இருந்தது.”

இப்போது அவர் தரையைப் பார்த்தார். உயரத்தைப் பார்த்தே பழகிய மனிதர் தரையைப் பார்த்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

“அது சும்மாதானே தொங்கிட்டு இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “ஒயர்கூட இல்லை அதுல. போன தடவை தூசி தட்ட வந்தப்ப எடுத்துட்டேன். அக்கா அவங்க கம்ப்யூட்டர்ல பையனோட பேசறப்போ முகம் நின்னு நின்னு வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்கல்ல. அதுல கொண்டுபோய் மாட்டினேன். நல்லா வருதுன்னு சந்தோஷப்பட்டாங்களே.”

“எத்தனை நாள் ஆச்சு?”

அவர் விரல் விட்டு எண்ணினார். “இன்னைக்கோட பதினேழு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அக்காவுக்கு நல்லது செய்யப் போய் அக்காவின் சாட்சியையே பிடுங்கிக் கொண்டுபோன தம்பியை என்ன சொல்லித் திட்டுவது. திட்டவும் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. புதுக் கார்டு போட்ட அன்றே லைசென்ஸை அதற்கு மாற்றி எழுதியிருக்க வேண்டியவள் அவள்தான். வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, கிளம்பிட்டீங்களா?”

“செருப்பு மாட்டிட்டேன். ஏன், பேனா கொண்டு வரணுமா?”

“செருப்பைக் கழட்டுங்க. உங்க கம்ப்யூட்டர்கிட்ட போங்க. பின்பக்கம் கறுப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதைப் புடுங்குங்க.”

நாற்காலி நகர்ந்தது. பெருமூச்சு கேட்டது. “புடுங்கிட்டேன். திரையில அம்பு நகர மாட்டேங்குதே?”

“அது மவுசோடது அண்ணி. திருப்பி மாட்டுங்க. பக்கத்துல இன்னொண்ணு, பெருசா, வாலோட இருக்கும். பல்லி மாதிரி.”

“ஒரு எலி, ஒரு பல்லி. என் கம்ப்யூட்டர்ல நீங்க ரெண்டு பேரும் இன்னும் என்னெல்லாம் வளர்க்கறீங்க?”

“வாலைக் கழட்டிட்டுப் பல்லியை மட்டும் எடுங்க. நனையாமக் கொண்டு வாங்க.”

“இதை எடுத்துட்டா ஞாயித்துக்கிழமை பிள்ளை முகம் தெரியுமா?”

நாலு மணிக்கு மானம் போகப் போகிற அம்மாளுக்கு அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது அதுதான். “தெரியும் அண்ணி. வேற புதுசு மாட்டித் தர்றேன். இப்ப இதைப் பத்திரமாக் கொண்டு வாங்க. நீங்க எண்ணின எண்ணிக்கை இதாலதான் வெளியே வரணும். இவரை வண்டியில அனுப்பட்டுமா?”

“வேண்டாம். மழையில வழுக்கி விழுந்து வைப்பான். நான் பஸ்லயே வர்றேன்.”

பஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. மேனேஜர் அறைக்குப் போனாள். ஏணிக்காரரும் ஈரச் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். இடி விழுந்தது, பல்லி போட்டது, எடுத்தது எல்லாம். “தப்பு எங்களோடது சார். வேணும்னு பூட்டலை, தெரியாமப் பூட்டிட்டோம். திறந்ததும் உள்ளே என்ன இருந்தாலும் உங்க கண்ணு முன்னாடிதான் பார்ப்போம். அண்ணி எண்ணினது பதினொண்ணாவே இருந்தாலும் சரி.”

மேனேஜர் தைலப் புட்டியின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார். “இதை மறைச்சு வேற ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாமே நீங்க,” என்றார்.

“சொல்லியிருக்கலாம் சார். நோட்டுல வேற மாதிரி எழுதி வச்சிருக்கேனே.”

மூன்று ஐம்பதுக்கு நாத்தனார் வந்து சேர்ந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் இரண்டடுக்குச் சாப்பாட்டு டப்பா. மேனேஜர் மேசையில், எழுதி வைத்திருந்த தாளுக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்.

“மேல் தட்டுல சோறு. காலையில இருந்து ரெண்டும் ஒண்ணும் தின்னிருக்காது. கீழ்த் தட்டுல பல்லி. மாத்தித் தின்னுடாதீங்க.”

கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த பல்லியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. லைசென்ஸக்கா அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே ஓடினாள். தூசி படியாத அந்த இடத்தில் செருகினாள். சர்வரை அணைத்துப் போட்டாள். அது எழுந்து வருவதற்குள் இரண்டு பிரசவம் பார்த்துவிடலாம் போலிருந்தது. திரையில் மெஷின் எண் வந்தது. நோட்டை மடியில் விரித்து ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது எழுத்தும் பொருந்தியது. மேலே மேனேஜர் அறையிலிருந்து ஏணிக்காரரின் குரல் மழையையும் மீறிக் கேட்டது.

“வந்துடுச்சு. இருபத்துநாலும் வந்துடுச்சு.”

நால்வரும் ஒரே திரைமுன் நின்றார்கள். லைசென்ஸக்கா தேதியைத் தேடி எடுத்தாள். ஏழாவது கேமரா, சரக்கு வாசல். படத்தில் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. நாத்தனார் சீட்டும் பேனாவுமாக நின்றார். ஏற்றும் ஆள் முதல் பெட்டியைத் தூக்கினான். நாத்தனார் அதன் தலையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். உதடு அசைந்தது.

கேமராவுக்குக் காது கிடையாது. ஆனாலும் அந்த உதடு என்ன சொன்னதென்று லைசென்ஸக்காவுக்குக் கேட்டது.

“ஒண்ணு,” என்றார் மேனேஜர்.

“லாபம்,” என்றாள் லைசென்ஸக்கா, தன்னை அறியாமல்.

ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தட்டு, ஓர் உதட்டசைவு. ஒன்பதாவது பெட்டிக்குப் பிறகு படத்திலிருந்த நாத்தனார் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டார். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற நாத்தனார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பத்து. பதினொன்று. படத்தில் ஒரு கணம் யாருமே அசையவில்லை. பிறகு ஏற்றும் ஆள் குனிந்து, இன்னொரு பெட்டியோடு நிமிர்ந்தான். தட்டு விழுந்தது. பன்னிரண்டு.

“எண்ணியிருக்கேன்,” என்றார் நாத்தனார். யாரிடமும் சொல்லவில்லை. “எண்ணித்தான் இருக்கேன்.” பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெட்டி இன்னும் கிடைத்தபாடில்லை. அதைப் பற்றி அப்போது அவருக்குக் கவலை இல்லை. அவர் தேடியது கிடைத்துவிட்டது. லைசென்ஸக்கா ஒரு கையை அவர் தோளில் வைத்தாள். தட்டிவிடுவார் என்று நினைத்தாள். தட்டிவிடவில்லை.

“அப்ப அங்கே எப்படிப் பதினொண்ணு?” என்றார் மேனேஜர்.

“ஓட விடுவோம் சார்.”

படத்தில் நாத்தனார் சீட்டுக்கு முத்திரை வாங்க உள்ளே போனார். லாரிக்காரன் போனைக் கழுத்தில் இடுக்கிப் பேசிக்கொண்டே வந்தான். லாரிக் கதவு சாத்த வரவில்லை போலிருக்கிறது. ஓரத்துப் பெட்டி ஒன்றை இறக்கித் தூணுக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளே இருந்ததைத் தள்ளி அடுக்கினான். கதவைச் சாத்தினான். பேச்சு முடியவே இல்லை. பேசிக்கொண்டே ஏறி, ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பெட்டி தூணோரம் நின்றது.

“அடப்பாவி,” என்றார் ஏணிக்காரர்.

லைசென்ஸக்கா ஒன்பதாவது கேமராவுக்கு மாற்றினாள். பத்து நிமிஷம் கழித்துத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வந்தார். வெளியூர்களிலிருந்து திரும்பி வந்த சரக்கை வாசலிலிருந்து உள்ளே கொண்டுபோகும் குடோன் ஆள். தூணோரம் அநாதையாக நின்ற பெட்டியைப் பார்த்தார். திரும்பி வந்ததாக்கும் என்று தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். திருடியவர் யாரும் இல்லை.

திரும்பி வந்த சரக்கு வைக்கும் அலமாரி குடோனின் கடைசிச் சுவரில் இருந்தது. நால்வரும் போனார்கள். நடுத்தட்டுக்கு மேலே, யாருக்கும் எட்டாத உயரத்தில், உறை பிரியாமல் அது உட்கார்ந்திருந்தது. அங்கே ஏணி இல்லை. ஏணிக்காரர் அலமாரிக் கம்பியில் கால் வைத்து ஏறி எடுத்துவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்னடா?”

“நான்தான்க்கா பல்லியைப் புடுங்கினேன்.”

“எனக்காகத்தானேடா புடுங்கினே,” என்றார் நாத்தனார். “அடுத்த தடவை எதைப் புடுங்கறதா இருந்தாலும் உன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் புடுங்கு.”

மேனேஜர் அறைக்குத் திரும்பியதும், எழுதி வைத்திருந்த தாளை அவர் கிழிக்கப் போனார். நாத்தனார் தடுத்தார். “பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு. அதுல எழுதுங்க. பன்னிரண்டும் ஏத்தினது சரின்னு. நீங்க கையெழுத்துப் போடுங்க.”

மேனேஜர் எழுதினார், தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். பிறகு, “நாலு நாளா உங்களை…” என்று ஆரம்பித்தார்.

“விடுங்க சார். எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. உங்களுக்கு வராதா?”

லைசென்ஸக்கா மறுபடி படிக்கட்டுக்குக் கீழே போனாள். புதுக் கார்டின் எண்ணுக்கு லைசென்ஸை மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதி அனுப்பினாள். மூன்று வேலை நாளுக்குப் பல்லி அங்கேயே இருந்தாக வேண்டும். ஒரு துண்டுத் தாளில் ‘தொடாதே’ என்று எழுதி அதன்மேல் ஒட்டினாள். யோசித்துப் பார்த்து, கீழே ‘ஏங்க, உங்களைத்தான்’ என்றும் எழுதினாள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. சரக்கு வாசலில் ஒரு சின்ன லாரி பின்பக்கம் திறந்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெட்டியை இன்றே அனுப்பச் சொல்லி மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். நாத்தனார் தன் பழைய இடத்தில், நனைந்த சேலையோடு, சீட்டும் பேனாவுமாக நின்றார். மொத்த லாரிக்கும் அந்த ஒரே பெட்டிதான். ஒன்றோடு நின்றுவிடுகிற எண்ணிக்கை. லைசென்ஸக்கா தூணோரம் நின்று பார்த்தாள். ஏழாவது கேமராவும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஆள் பெட்டியைத் தூக்கினான். நாத்தனார் அதன் தலையில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“லாபம்,” என்றார்.